கி.மு. 331: ஒரே நாளை ஒவ்வொரு காலண்டரிலும் எழுதுவது எப்படி?

கி.மு. 331-க்கு எபிரேய ஆண்டு என்ன, கலி ஆண்டு என்ன, நபோனாசர் ஆண்டு என்ன என்று இணையத்தில் தேடினால் அழகான அட்டவணைகள் கிடைக்கும். ஒவ்வொரு காலண்டருக்கும் எதிரே ஒரே ஒரு எண் இருக்கும், அதில்தான் சிக்கல். கி.மு. 331 ஜனவரியில் ஏதென்சில் ஓடிக்கொண்டிருந்த ஆண்டு வேறு, அதே கி.மு. 331 அக்டோபரில் ஓடிக்கொண்டிருந்த ஆண்டு வேறு. பாபிலோனில் ஆண்டு ஏப்ரலில் மாறியது, எகிப்தில் நவம்பரில் மாறியது. ஆண்டு என்பது ஒரு டப்பா என்றால், எந்த இரண்டு டப்பாக்களும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராது.

அதனால் நான் பின்பற்றும் வழி இதுதான்: ஆண்டை மாற்றவே மாற்றாதீர்கள், ஒரு நாளை மாற்றுங்கள். அந்த ஆண்டுக்குள் ஒரே ஒரு நாளை ஆணி அடித்ததுபோல உறுதிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். இந்த வழிகாட்டி முழுக்க கி.மு. 331-ஐ வைத்தே போகப்போகிறோம். காரணம், அந்த ஆண்டில் கௌகமேலா போர் நடந்தது. அலெக்சாண்டர் பாரசீக மன்னர் மூன்றாம் டேரியஸைத் தோற்கடித்த போர் அது, இன்றைய வடக்கு இராக்கில். போருக்குப் பதினொரு நாள் முன்பு ஒரு முழுச் சந்திர கிரகணம் வந்தது, அதைப் பாபிலோனியரும் கிரேக்கரும் ரோமானியரும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல ஆண்டு கிடைக்காது.

ஒரு காகிதம், ஒரு சாதாரண கால்குலேட்டர் போதும். விரிதாள் மென்பொருளில் தேதியாகத் தட்டச்சு செய்து பார்க்காதீர்கள், பரவலாகப் பயன்படுவது 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எண்ணாகப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் பூஜ்யத்தைச் சரிசெய்யுங்கள்

கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் பூஜ்யம் என்று ஓர் ஆண்டு கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கணக்குப் போடும்போது எல்லாரும் மறப்பார்கள். கி.மு. 331-லிருந்து கி.பி. 2000 வரை எத்தனை ஆண்டு? 2331 இல்லை, 2330.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் வானியலாளர்கள் வேறு எண் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு கி.மு. 1 என்பது 0, கி.மு. 2 என்பது −1. அந்தக் கணக்கில் கி.மு. 331 என்பது −330. கிரகண அட்டவணைகளில் −330 என்று இருப்பதைப் பார்த்து கி.மு. 330 என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. லீப் ஆண்டு பார்க்கவும் இந்த எண்ணே நல்லது: நான்கால் வகுபட்டால் லீப். −330 வகுபடாது, ஆக கி.மு. 331 சாதாரண ஆண்டு, பிப்ரவரிக்கு 28 நாள். −332-உம் −328-உம் லீப், அதாவது கி.மு. 333-உம் 329-உம்.

இன்னொன்று. பழங்காலத் தேதி எழுதும்போது வரலாற்றாசிரியர்கள் ஜூலியன் காலண்டரைத்தான் பின்னோக்கி நீட்டிப் பயன்படுத்துகிறார்கள், இன்று நாம் வைத்திருக்கும் கிரெகோரியனை அல்ல. இரண்டுக்கும் கி.மு. 331-இல் 5 நாள் வித்தியாசம், அதுவும் இன்று இருப்பதற்கு எதிர்த் திசையில். புத்தகங்களில் போர் நாள் அக்டோபர் 1 என்று இருக்கும். கிரெகோரியனில் போட்டால் செப்டம்பர் 26. உங்கள் மென்பொருள் செப்டம்பர் 26 என்று காட்டினால் பதற வேண்டாம், அது கிரெகோரியனில் பேசுகிறது, அவ்வளவுதான்.

வானத்தில் ஒரு ஆணி

ஒரு நாளை எப்படி உறுதிசெய்வது? மன்னர் பட்டியலை வைத்து முடியாது, அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கிரகணம் பொய் சொல்லாது. நிலவின் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் கி.மு. 331 செப்டம்பர் 20 அன்று இரவு முழுச் சந்திர கிரகணம் என்று வருகிறது. மேற்கு ஆசியாவில் இரவு தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் தெரிந்திருக்கும்.

இப்போது எழுத்துச் சான்றுகள். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வது: ஏதென்சில் பொயிட்ரோமியோன் மாதத்தில், எலூசிஸ் மறைச்சடங்குகள் தொடங்கும் வாக்கில் கிரகணம் வந்தது, அதற்குப் பதினோராம் இரவில் இரு படைகளும் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் இருந்தன. செப்டம்பர் 20 இரவையும் சேர்த்துப் பதினொன்று எண்ணினால் செப்டம்பர் 30 இரவு, விடிந்தால் அக்டோபர் 1. பாபிலோனில் வானத்தைத் தினமும் கவனித்துக் களிமண் பலகைகளில் எழுதிவந்தவர்களின் நாட்குறிப்பும் கிடைத்திருக்கிறது, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கிரகணத்தின்போது எந்தக் காற்று வீசியது என்பதுவரை அதில் இருக்கிறது. அதே பலகையில், உலூலு மாதம் 24-ஆம் நாள் காலையில் போர் நடந்ததும், மன்னரின் படை அவரைக் கைவிட்டதும் வருகிறது. பஞ்சாங்கக் குறிப்புக்கு நடுவே ஒரு பேரரசு விழுந்த செய்தி, அதே கையெழுத்தில். அந்தப் பலகையின் மொழிபெயர்ப்பை முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாபிலோனியருக்கும் ஏதென்ஸ்காரர்களுக்கும் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. செப்டம்பர் 30 மாலையிலேயே உலூலு 24 பிறந்துவிட்டது. போர் நடந்த பகல் அந்த நாளின் பின்பாதி. இரவில் நடந்த எந்த நிகழ்வை மாற்றினாலும், மறைவுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் ஒரு நாள் நழுவும். அதே கிரகணத்தின் நேரத்தில்கூடக் குழப்பம் உண்டு. போர்க்களப் பகுதியிலிருந்த அர்பேலா நகரில் இரவின் இரண்டாம் மணி என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. ஐந்தாம் மணி என்கிறார் வானியலாளர் தாலமி, கார்த்தேஜில் அதே கிரகணம் இரண்டாம் மணியில் தெரிந்தது என்றும் சேர்க்கிறார். நாளுக்கு மட்டும் கிரகணத்தை நம்புங்கள், மணிக்கு வேண்டாம்.

நாளுக்கு ஒரு எண்

இதுதான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு. 1583-இல் ஜோசப் ஸ்காலிகர் என்ற அறிஞர் எல்லாக் காலண்டர்களையும் ஒரே கோட்டில் கட்ட கி.மு. 4713 ஜனவரி 1-இல் தொடங்கும் ஒரு நீண்ட காலச்சுற்றை முன்வைத்தார். பின்னால் வானியலாளர்கள் அந்த நாளை 0 என்று வைத்து ஒவ்வொரு நாளுக்கும் எண் கொடுத்தார்கள். ஜூலியன் நாள் எண் என்று பெயர். மாதம் கிடையாது, ஆண்டு கிடையாது, வெறும் எண். வானியலில் இந்த நாள் நண்பகலில் மாறும், ஆனால் நம் வேலைக்கு அந்தத் தேதியின் நண்பகல் எண்ணை எடுத்துக்கொண்டால் போதும்.

கையாலேயே போடலாம், பாருங்கள்.

4713 − 331 = 4382 ஆண்டுகள்.
4382 × 365 = 15,99,430 நாட்கள்.
லீப் நாட்கள்: 4382-ஐ 4-ஆல் வகுத்தால் 1095.5, மேல்நோக்கி முழுமையாக்கினால் 1096. கி.மு. 4713-ஏ லீப் ஆண்டு என்பதால்தான் மேல்நோக்கி.
கூட்டினால் 16,00,526. இது கி.மு. 331 ஜனவரி 1-இன் எண்.
ஜனவரி முதல் செப்டம்பர் முடியும்வரை 273 நாட்கள். ஆக அக்டோபர் 1-இன் எண் 16,00,799.

கிரகண நாள் 11 நாள் முன்பு, 16,00,788.

சரிபார்க்க ஒரு சின்ன வித்தை உண்டு. எண்ணை 7-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 என்றால் திங்கள், 1 செவ்வாய், இப்படியே. 16,00,799-க்கு மீதி 4, வெள்ளி. கௌகமேலாவில் நின்ற யாருக்கும் வெள்ளிக்கிழமை என்ற ஒன்று இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஏழு நாள் கிழமைப் பெயர்கள் அந்தப் படைகளிடம் இல்லை. நமக்கு இது கணக்குத் தணிக்கைக்கு மட்டும். கொஞ்சம் கழித்துப் பயன்படும், மறக்காமல் குறித்து வையுங்கள்.

அப்புறம்தான் காலண்டர்கள்

இனி ஒவ்வொரு காலண்டருக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அன்றைக்கு வாழ்ந்தவர் இப்படி எழுதியிருப்பாரா, இல்லை பிற்காலத்தில் வந்த விதியை நாம் பின்னோக்கி நீட்டுகிறோமா? அட்டவணைகள் இரண்டையும் ஒரே வரிசையில் போட்டுவிடுகின்றன. எனக்கு அதில்தான் கோபம்.

*பாபிலோன்.* மன்னரின் ஆட்சி ஆண்டுதான் கணக்கு. அரியணை ஏறிய ஆண்டை அவர்கள் 1 என்று எண்ண மாட்டார்கள். அடுத்த நிசானு மாதத்தில், வசந்தத்தில், தொடங்குவதுதான் முதல் ஆண்டு. மாதம் பிறை தெரிந்த மாலையில் தொடங்கும், 19 ஆண்டுக்கு 7 அதிக மாதம் சேர்ப்பார்கள். டேரியஸுக்கு முதல் ஆண்டு கி.மு. 335 வசந்தத்தில் தொடங்கியது. ஆக 331 ஏப்ரல் வரை 4-ஆம் ஆண்டு, பிறகு 5-ஆம் ஆண்டு. போர் நாள்: டேரியஸ் 5, உலூலு 24.

*ஏதென்ஸ்.* இங்கே ஆண்டுக்கு எண் கிடையாது, ஆர்க்கோன் என்ற அதிகாரியின் பெயர். ஆண்டு கோடையில் மாறும். 331 கோடை வரை நிக்கேட்டஸ், அதன்பின் அரிஸ்டோபானஸ் (நாடகக்காரர் இல்லை, அவர் எப்போதோ இறந்துவிட்டார்). நாலு நாலு ஆண்டாக எண்ணும் ஒலிம்பியாட் கணக்கில் 112-ஆவது ஒலிம்பியாட்டின் 2-ஆம் ஆண்டு. இதையும் போட்டுப் பார்க்கலாம்: முதல் ஒலிம்பியாட் கி.மு. 776; 776-லிருந்து 111 × 4 = 444 கழித்தால் 332, அது 112-இன் முதல் ஆண்டு; அடுத்தது 331. கோடையிலிருந்து கோடை வரை என்பதால் 331/330 என்று சாய்கோடு போட்டு எழுதுவது இதனால்தான். அந்தச் சாய்கோட்டை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள்.

மாதமும் நாளும்தான் இங்கே வேடிக்கை. புளூட்டார்க் இன்னொரு நூலில் போரை பொயிட்ரோமியோன் 26 என்கிறார். பாபிலோனில் 24, இங்கே 26, நிலவு என்னவோ ஒன்றுதான். அரியன் என்ற வரலாற்றாசிரியர் ஒருபடி மேலே போய், போர் நடந்தது அடுத்த மாதமான பியானெப்சியோனில் என்று எழுதிவிட்டு, அதே மூச்சில், கிரகணம் வந்த மாதத்திலேயே வெற்றி வரும் என்று அலெக்சாண்டரின் குறிசொல்லி அரிஸ்டாண்டர் சொன்ன குறி பலித்தது என்கிறார். கிரகணம் பௌர்ணமியில் வரும், போர் அதற்குப் பதினொரு நாள் கழித்து, மாதம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. குறி சரி என்றால் மாதத்தின் பெயர் தவறு.

கிரேக்க நகரங்களின் மாதத்தை அதிகாரிகள் ஓட்டினார்கள், வானம் ஓட்டவில்லை. கொரிந்தில் பத்தாம் நாளாக இருப்பது ஏதென்சில் ஐந்தாம் நாளாகவும் வேறோர் இடத்தில் எட்டாம் நாளாகவும் இருக்கிறது என்று அரிஸ்டோக்சேனஸ் என்ற இசையறிஞரே புலம்பியிருக்கிறார். ஆகவே கிரேக்கத் தேதி கிடைத்தால் அதைச் சான்றாக வையுங்கள், கணக்கின் அடித்தளமாக வைக்காதீர்கள்.

*எகிப்து.* எனக்கு மிகவும் பிடித்த காலண்டர். 30 நாளில் 12 மாதம், கடைசியில் 5 நாள், மொத்தம் 365. லீப் ஆண்டு இல்லை, அதிக மாதம் இல்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. பருவத்தோடு ஒட்டாமல் நாலு ஆண்டுக்கு ஒரு நாள் நழுவிக்கொண்டே போகும், போகட்டுமே. வானியல் கணக்குக்கு இதைவிட வசதி கிடையாது என்றுதான் தாலமி இதை எடுத்துக்கொண்டார், பாபிலோன் மன்னர் நபோனாசர் காலத்திலிருந்து எண்ணினார். தொடக்கம் கி.மு. 747 பிப்ரவரி 26, நாள் எண் 14,48,638.

16,00,799 − 14,48,638 = 1,52,161.
365-ஆல் வகுத்தால் 416 முழு ஆண்டுகள், மீதி 321.

416 ஆண்டு முடிந்துவிட்டது என்றால் நடப்பது 417. மீதி 321 என்றால் அது ஆண்டின் 322-ஆம் நாள், ஏனென்றால் முதல் நாளுக்கு மீதி 0. பத்து மாதம் 300 நாள் போக 22. பதினோராம் மாதம் எபிஃபி. ஆக நபோனாசர் 417, எபிஃபி 22. இந்த ஆண்டு கி.மு. 332 நவம்பர் 14-இல் தொடங்கி 331 நவம்பர் 13-இல் முடிகிறது.

இப்போது தாலமியின் மன்னர் பட்டியலைத் திறந்தால் 417-ஆம் ஆண்டு யாருடையது தெரியுமா? அலெக்சாண்டரின் முதல் ஆண்டு. பாபிலோன் பலகையில் அதே நாள் டேரியஸின் 5-ஆம் ஆண்டு. ஒருவர் இன்னும் தோற்கவே இல்லை, பட்டியலில் அவர் போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது! இதில் பொய் எதுவும் இல்லை. பாபிலோன் எழுத்தர் அன்றன்று எழுதினார். பட்டியலோ பின்னால் தொகுத்தது, ஆட்சி மாறிய ஆண்டு முழுவதையும் புதியவர் கணக்கில் போடும் வழக்கம் அதற்கு.

*ரோம்.* சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் இது சதுப்பு நிலம். ரோம் நகரம் கி.மு. 753-இல் நிறுவப்பட்டது என்ற ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்குப்படி 754 − 331 = 423. அட்டவணைகளில் இதுதான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் கன்சல்களே (ஆண்டுதோறும் மாறும் இரு தலைமை அதிகாரிகள்) இல்லாத, சர்வாதிகாரி மட்டும் ஆண்டதாகச் சொல்லும் நான்கு ஆண்டுகள் (333, 324, 309, 301) செருகப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் கி.மு. 301-க்கு முந்தைய ரோமானிய ஆண்டுகள் உண்மையான ஆண்டுகளோடு ஒட்டாது. கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸைப் பாருங்கள்: ஏதென்சில் அரிஸ்டோபானஸ் ஆர்க்கோனாக இருந்த ஆண்டுக்கு அவர் கொடுக்கும் கன்சல்கள் வர்ரோவின் பட்டியலில் கி.மு. 334-இல் இருக்கிறார்கள். மூன்று ஆண்டு இடைவெளி. ஜூலியன் காலண்டரே கி.மு. 45-இல்தான் வந்தது என்பதால் அக்டோபர் 1 என்பதும் அன்றைய ரோமானியத் தேதி இல்லை. 423 என்று எழுதுங்கள், பக்கத்தில் வர்ரோ கணக்கு என்று போட்டுவிடுங்கள், அதற்கு மேல் இறங்காதீர்கள்.

*கலி ஆண்டு.* இதில் நானே ஒரு முறை நன்றாக வழுக்கியிருக்கிறேன். 3102-லிருந்து 331-ஐக் கழித்தால் 2771. அதை நடக்கும் ஆண்டு என்று எழுதி ஒரு நீளமான காலவரிசையையே தயாரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, 2771 என்பது கழிந்த ஆண்டுகள், நடப்பது 2772 என்று. முழு அட்டவணையையும் ஒரு வரிசை கீழே இறக்க வேண்டியதாயிற்று. கலி கணக்கில் எண் பார்த்தால் உடனே கேட்க வேண்டியது: கழிந்ததா, நடப்பதா?

நாள் கணக்கு இன்னும் அழகு. கலி தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18, நாள் எண் 5,88,466. கழித்தால் 10,12,333. இதுதான் போர் நாளின் கலி அகர்கணம், அதாவது கலி தொடங்கியதிலிருந்து கழிந்த நாட்கள். இப்போது குறித்து வைத்த வெள்ளிக்கிழமையை எடுங்கள். கலி பிறந்தது வெள்ளிக்கிழமை என்பது மரபு. 10,12,333-ஐ 7-ஆல் வகுத்தால் மீதியே இல்லை, ஆக மறுபடியும் வெள்ளி. இரண்டு வேறு தொடக்கம், ஒரே கிழமை. எங்காவது ஒரு நாள் தவறியிருந்தால் இங்கே பல்லிளித்திருக்கும்.

ஆண்டின் நீளம் 365.2588 நாள் என்று வைத்து வகுத்தால் 2771 முழு ஆண்டும் 201 நாளும் வருகிறது. சித்திரையிலிருந்து 201 நாள் என்றால் ஐப்பசி நடு. அக்டோபர் 1-இல் ஐப்பசி நடுவா என்று கேட்பீர்கள். விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால் அன்றைக்குச் சித்திரை மார்ச் 14 வாக்கிலேயே பிறந்துவிட்டது. திதி தேய்பிறை ஏகாதசி வாக்கில் வரும். அறுபது ஆண்டு வட்டத்தில் போட்டால் விக்ருதி, 2010-இல் வந்த அதே விக்ருதி. 2010-க்கும் −330-க்கும் இடையே 2340 ஆண்டு, 60-ஆல் மிச்சமில்லாமல் வகுபடும். ஆனால் கவனம், இதெல்லாம் பின்னோக்கி நீட்டியது. கி.மு. 331-இல் யாரும் கலி 2772 என்றோ விக்ருதி என்றோ எழுதவில்லை.

*எபிரேயக் காலண்டர்.* பின்னோக்கி நீட்டுவதில் என்ன ஆகும் என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இன்றைய கணித விதிகளை அப்படியே பின்னால் ஓட்டினால் 3431-ஆம் ஆண்டின் முதல் நாளான திஷ்ரி 1 கி.மு. 331 செப்டம்பர் 6-இல் விழுகிறது, போர் நாள் திஷ்ரி 26. மென்பொருளும் இதையே கொடுக்கும். ஆனால் அந்த விதிகள் பல நூற்றாண்டு கழித்து உருவானவை. அன்றைக்கு யூதர்களிடம் இருந்தது பாபிலோனிய மாதப் பெயர்களோடு ஓடிய காலண்டர், பாபிலோனில் அந்த மாதம் உலூலு, அதாவது எலூல். எலூல் திஷ்ரிக்கு முந்தைய மாதம். ஒரு முழு மாதம் வித்தியாசம், அதோடு ஆண்டும் ஒன்று குறைந்துவிடும். பிறை மட்டும் இரண்டிலும் ஒத்துப்போகும், ஏனென்றால் நிலவை யாரும் மாற்றி அமைக்க முடியாது. எந்த ஆண்டில் அதிக மாதம் சேர்ப்பது என்பதுதான் மனிதர் முடிவு.

*சீனா.* போரிடும் நாடுகளின் காலம், ஆளுக்கொரு கணக்கு. ஷோவ் அரசர் சியெனுக்கு 38-ஆம் ஆண்டு, சின் நாட்டில் ஹுய்வெனுக்கு 7-ஆம் ஆண்டு. ஆண்டுக்கு இங்கேயும் அறுபது வட்டம் உண்டு, கெங்-யின், புலி ஆண்டு. ஆண்டுகளுக்கு அதைப் பயன்படுத்துவது ஹான் காலத்துப் பழக்கம் என்பதால் இதுவும் நீட்டல்தான். ஆனால் நாட்களை அறுபதால் எண்ணுவது அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது, அது நமக்குத் தங்கம். போர் நாளின் எண்ணிலிருந்து 11-ஐக் கழித்து 60-ஆல் வகுங்கள்: 16,00,799 − 11 = 16,00,788, அதற்கு மீதி 48, 0 முதல் நாள் என்பதால் வட்டத்தின் 49-ஆம் நாள், ரென்-ஸி. மன்னர் யார், மாதம் எது என்று ஒன்றும் தெரிய வேண்டாம்.

*மாயா நீள் கணக்கு* வேண்டுமென்றால் 5,84,283-ஐக் கழித்து 1,44,000, 7200, 360, 20 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போங்கள்: 7.1.3.11.16. நீள் கணக்கில் தேதியிட்ட கல்வெட்டுகள் கி.மு. முதல் நூற்றாண்டில்தான் தென்படத் தொடங்குகின்றன, அதனால் இது விளையாட்டுக்கு. செலூக்கிய ஆண்டு, விக்கிரம ஆண்டு, சக ஆண்டு மூன்றும் கி.மு. 331-க்குப் பிறகே தொடங்குகின்றன. எதிர்மறை எண் போட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எழுதும்போது

முடிவை எழுதும்போது மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: நாள் எண், ஜூலியனா கிரெகோரியனா, மற்ற ஒவ்வொரு தேதிக்கும் அது அன்றைய ஆவணத்தில் உள்ளதா இல்லை நாம் கணக்கிட்டதா. நான் எழுதினால் இப்படி வரும்: நாள் எண் 16,00,799, ஜூலியன் கி.மு. 331 அக்டோபர் 1. ஆவணத்தில் டேரியஸ் 5 உலூலு 24, அரிஸ்டோபானஸ் ஆர்க்கோன், பொயிட்ரோமியோன் 26. கணக்கில் நபோனாசர் 417 எபிஃபி 22, நடப்புக் கலி 2772, ரென்-ஸி நாள். எபிரேயத் தேதியைப் போடுவதானால் இரண்டு மாதத்தையும் போட்டுக் காரணம் எழுதுவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

கை பழக ஒரு கணக்கு தருகிறேன், போட்டுப் பாருங்கள். அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்தது கி.மு. 323 ஜூன் 11. அதே பாபிலோனிய நாட்குறிப்புகளில் அய்யாரு 29, மன்னர் இறந்தார், மேகமூட்டம் என்று இருக்கிறது. நாள் எண், கிழமை, நபோனாசர் ஆண்டு மூன்றையும் கண்டுபிடியுங்கள், கலி வழியாகக் கிழமையைச் சரிபாருங்கள்.

விடை: 16,03,609, திங்கள், நபோனாசர் 425 பார்முதி 2. கலி அகர்கணம் 10,15,143, ஏழால் வகுத்தால் மீதி 3, வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளித் திங்கள். சரி, இப்போது தாலமியின் பட்டியலில் 425 யாருடையது என்று பாருங்கள். அலெக்சாண்டருடையது இல்லை, அவருக்குப் பின் வந்த பிலிப்பின் முதல் ஆண்டு அது, கி.மு. 324 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. டேரியஸுக்கு நடந்தது இவருக்கும் நடந்திருக்கிறது: உயிரோடு இருந்த கடைசி ஏழு மாதங்கள் அந்தப் பட்டியலில் வேறொருவர் பெயரில் இருக்கின்றன.